பாக்கி

பதினாறாம் நாள் விளம்பரம் கொடுக்கப் போனேன்.
தோற்றம் என்ற இடத்தில்
வருடம் மட்டும் போதும் என்றாள் அந்தப் பெண்.
எனக்கு நேரமும் தெரியும்.
முப்பத்தொன்று, செந்தூல், ரயில்வே லயத்தின் கடைசி வீடு,
பட்டறைச் சங்கு ஊதி ஓய்ந்த ஏழு மணி.
அந்த ஏழு இப்போது எட்டு.

அப்பா இதை ஒரு வழக்குப்போல நடத்தினார்.

ஒன்றரை வயதில் தொட்டிலில் கிடக்கும்போது
வெள்ளைக்காரன் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னே தள்ளினான்.
பத்து வயதில் இன்னும் பத்து.
ஏன் என்று லயத்துக்கு யாரும் சொல்லவில்லை.
பொங்கலுக்கு மூன்று நாள் இருக்க
சைக்கிளில் வந்து இறங்கிய ஜப்பான்காரன்
தோக்கியோவோடு சேர்ந்து விடியச் சொன்னான்.
ஒரேயடியாக ஒன்றரை மணி.
இருட்டில் எழுந்து இருட்டில் வரிசை நின்று
மரவள்ளி வாங்கி வந்த பையன்
தன் அப்பன் சடையப்பன் சயாமுக்கு ரயில் ஏறியதையும்
இருட்டில்தான் பார்த்தான்.
சண்டை முடிந்ததும்
ஒன்றரை மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.
அதை மட்டும்.

ஃபிட்டர் வையாபுரி, அட்டை எண் 1173.
பதினாறு வயதிலிருந்து சங்குக்கு முன்னால் ஒரு நாளும் பிந்தியதில்லை.

நாடு விடுதலையான ராத்திரி பாடாங்கில் நின்றார்.
முன்னால் தலைப்பாகையோடு ஒரு உயரமான ஆள்.
கொடி இறங்கியதும் தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை,
மணிக்கூண்டு மட்டும் தெரிந்தது.
பன்னிரண்டு அடித்து முடித்தபோது ஒரு செருப்பைக் காணோம்.
மற்றதைக் கையில் பிடித்தபடி செந்தூல் வரை நடந்தார்.
நாடு பிறந்த நிமிடம் ஊருக்கே தெரியும்,
இவர் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள்.
அது நாற்பத்தைந்தில் பட்டறைமேல் விழுந்த குண்டில்
தகரப் பெட்டியோடு எரிந்திருந்தது.
நீல அட்டை கைக்கு வர ஐந்து வருடம்.
"அதைக் கணக்கில் சேர்க்காதே, அது க்யூ" என்பார்.

அறுபத்தொன்பது மே மாதம் சங்கு ஊதவில்லை.
அதே நேரத்துக்கு எழுந்து, காக்கி மாட்டி,
சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
சாத்திய கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம்.
எத்தனை நாள் என்று அம்மா சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

எழுபத்தொன்றில் வெள்ளம் கூடத்துக் கடிகாரம் வரை ஏறி
நாலு பத்துக்கு அதை நிறுத்தியது.
தகரக் கூரைமேல் காயவைத்தார், ஓடியது.

எண்பத்திரண்டு பிறந்த இரவில் அரை மணி.
சபாவும் சரவாக்கும் நாமும் இனி ஒரே நேரம் என்றது வானொலி.
அம்மா சமையலறைக் கடிகாரத்தைத் திருப்பினாள்.
கூடத்துக் கடிகாரத்தை அவர் தொட விடவில்லை.
அதன்பிறகு எங்கள் வீட்டில்
கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக அரை மணி ஆகும்.
இருபது, பத்து, முப்பது.
காலண்டரின் பின்பக்கம் கூட்டி, கீழே இரண்டு கோடு போட்டார்.
"கவர்மெண்டு எனக்கு ஒரு மணி நேரம் பாக்கி."
ஓய்வு பெற்ற நாளில்
கைக்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். சிரித்தார்.

பட்டறைச் சங்கு ஓய்ந்து பத்து காஜாவுக்குப் போன பிறகு,
பெரிய ஆஸ்பத்திரியில், தாதி எழுதிய நேரம்
காலை ஆறு ஐந்து.

மறுநாள் பத்துக்குத் தூக்குவதாக ஏற்பாடு.
சங்கு ஊதுபவர் வந்து சேரவில்லை.
ஈப்போ சாலையில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்று போன் செய்தார்.
தம்பி நாலு முறை வாசலுக்குப் போனான்.
யாரோ ஊதுபத்தியை மறுபடி மாற்றினார்கள்.
நான் அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.
செய்ய ஒன்றும் இல்லை.
தாடைக்குக் கீழே சவரத்தில் விட்டுப்போன நாலு வெள்ளை முடி.
எங்கள் இருவருக்கும் இப்படிச் சும்மா இருக்க
வாய்த்ததே இல்லை.

பதினொன்றுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே மன்னிப்புக் கேட்டார்.
பரவாயில்லை அண்ணே, என்றேன்,
சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க.